கை மாறிய டோக்கன்

எங்கள் ஆஸ்பத்திரியில் டோக்கன் முறையைக் கொண்டுவந்தது நான்தான். ஒரு காலத்தில் அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. இப்போது யாராவது டோக்கன் என்று வாயெடுத்தாலே அலுப்பாக இருக்கிறது.

ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். விக்கிரமங்கலத்தைத் தாண்டி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். ஒரு டாக்டர் அறை, புண்ணுக்குக் கட்டுப்போட ஓர் அறை, ரத்தப் பரிசோதனைக்கு ஒரு மூலை, மருந்து கொடுக்கும் ஜன்னல், வெளியே நீளமாக ஒரு பெஞ்சு. அவ்வளவுதான். நான் குடியிருப்பது அரியலூரில். தினமும் ஸ்கூட்டியில் போய் வருவேன். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே போக வேண்டியிருப்பதால், நான் எந்த நிறத்தில் துப்பட்டா வாங்கினாலும் சாயங்காலம் ஒரே நிறமாகத்தான் வீடு வந்து சேரும்.

என் கணவரின் சொந்தக்காரர்களுக்கு அந்தப் பக்கம் நிலபுலன் உண்டு. அதனால் அங்கே வரும் ஆண்களில் பாதிப் பேர் எனக்கு ஏதோ ஒரு வகையில் மாமா. மாமாக்கள் வரிசையில் நிற்க மாட்டார்கள். புல்லட்டை வாசலில் நிறுத்திவிட்டு, "மருமவ உள்ள இருக்கால்ல?" என்று கேட்டுக்கொண்டே திரையை விலக்கி வந்துவிடுவார்கள். உள்ளே கட்டிலில் ஒரு பெண் படுத்திருப்பாள், நான் அவள் வயிற்றில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. பிரஷர் பார்த்துக்கொண்டு, பேரன் படிப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். விடிகாலையில் வந்த ஜனங்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆனால் மாமனார் வீட்டு ஆட்களிடம் கோபத்தைக் காட்டிவிட்டு வீட்டில் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது. அதனால்தான் டோக்கன். வட்டமான பிளாஸ்டிக் வில்லைகள் வாங்கி, நகப்பூச்சால் நம்பர் எழுதி, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் மாட்டினேன். யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் முதல் வில்லையை எடுத்துக்கொள்ளலாம். நம்பர்படிதான் உள்ளே. மாமாவாக இருந்தாலும் சரி, மந்திரியாக இருந்தாலும் சரி.

மாமாக்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. அவரவர் கையில் வில்லையோடு, நம்பர் கூப்பிட்டதும் எழுந்து வந்தார்கள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் பெரம்பலூரில் எங்களுக்கெல்லாம் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. எல்லா நோயாளிகளுக்கும் சமமான சிகிச்சை கிடைக்கச் செய்வது எப்படி என்பதுதான் தலைப்பு. காலையிலிருந்து படம் போட்டுக் காட்டினார்கள். வடை நன்றாக இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு, உங்கள் நிலையத்தில் நீங்கள் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். நான் எழுந்து டோக்கன் கதையைச் சொன்னேன். கை தட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர், நகப்பூச்சு எந்த கம்பெனி, அழியாமல் இருக்கிறதா என்று விசாரித்தார்.

அதே மாதங்களில்தான் அந்தப் பெண் என்னிடம் வந்துகொண்டிருந்தாள். பக்கத்து ஊர்க் காலனியில் இருப்பவள். ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். சர்க்கரை வியாதி. மக்காச்சோளம் அறுத்த வயலில் தட்டையின் அடிக்கட்டை வலது பாதத்தில் குத்தியிருக்கிறது. சர்க்கரை முற்றினவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி இருக்காது. குத்தினது அவளுக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் வீட்டில் கால் கழுவும்போது தண்ணீர் சிவப்பாக ஓடியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாளாம்.

இந்த மாதிரிப் புண்ணுக்கு வைத்தியம் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் சுத்தம் செய்து கட்டுப்போட வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்து மாத்திரையைக் கூட்டிக் குறைக்க வேண்டும். தவறாமல் வந்தால் ஆறிவிடும். அவளும் வராமல் இல்லை, வந்தாள். ஆனால் எப்போதும் கடைசியில்தான் என் அறைக்குள் நுழைவாள். அதற்குள் மதியம் ஆகியிருக்கும். வெறும் வயிற்றோடு காத்திருந்து மயக்கம் வருகிறதென்று பன் தின்றிருப்பாள். அப்புறம் எங்கே சர்க்கரை பார்ப்பது? நான் சீட்டு எழுதிக் கொடுத்து, கட்டுப்போட்டுக்கொண்டு போ என்பேன். மதியம் திரும்பிப் போகும் பஸ்ஸை விட்டால் அவள் ஊருக்கு அடுத்த பஸ் சாயங்காலம்தான். பாதி நாள் அவள் கட்டுப்போடாமலே ஓடிவிடுவாள் என்று நர்ஸ் சொல்வார்.

"கொஞ்சம் வெள்ளனா வரக் கூடாதாம்மா?" என்று நான் கேட்பேன்.

"வரேன் டாக்டரம்மா" என்பாள். அடுத்த தடவையும் மதியம்தான் உள்ளே வருவாள்.

புண் ஆழமாகிக்கொண்டே போனது. சுண்டுவிரல் நிறம் மாற ஆரம்பித்தது. ஒருநாள் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். "இப்படியே விட்டா விரலோட நிக்காது. காலயே எடுக்கற மாதிரி ஆயிடும். தெரியுதா?"

அவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள். "கால் இல்லன்னா எப்படிம்மா களையெடுக்கறது? குந்த முடியாதே" என்றாள். அது கேள்வியா, எனக்குச் சொன்ன பதிலா என்று தெரியவில்லை. அன்றும் அவள் மதிய பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஒருநாள் என் ஸ்கூட்டி மக்கர் செய்ததால் ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் கிளம்பினேன். வழியில் ஏறியவர்களில் அவளும் இருந்தாள். கட்டின்மேல் ஈரம் படாமலிருக்க கேரி பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சீட்டிலிருந்து எழுந்துவிட்டாள். "உக்காரும்மா" என்றேன். உட்காரவில்லை. புண்ணுள்ள காலோடு ஆஸ்பத்திரி ஸ்டாப் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். அவள் விட்ட சீட்டில் உட்கார எனக்கும் மனம் வரவில்லை. ஸ்டாப் வரும்வரை அந்த சீட்டு காலியாகவே இருந்தது.

கேட்டுக்குள் அவள் எனக்கு முன்னால் போனாள். கொக்கியிலிருந்து இரண்டாம் நம்பர் வில்லையை எடுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அப்பாடா, இன்றைக்காவது நேரத்தோடு வந்தாளே என்று சந்தோஷமாக உள்ளே போனேன்.

ஒன்பதரை மணிக்குமேல் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினேன். முதல் நம்பர் முடிந்தது. இரண்டாம் நம்பர் என்று கூப்பிட்டதும் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தது என் சின்ன மாமனார்.

வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் போன், கையில் அந்த வில்லை. "என்னம்மா, வண்டி என்னாச்சு? பஸ்ல வந்தியாமே" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்து, பிரஷர் பார்க்கக் கையை நீட்டினார்.

"மாமா, இது யாரு டோக்கன்?"

"நம்மாளுதான்ம்மா. நம்ம வயல்ல வேல செய்யறவ. எடுத்து வச்சிருந்தா."

"அவ தனக்கு எடுத்தது மாமா. அவளுக்குக் கால்ல புண்ணு."

"நான் கேக்கவே இல்லியே. அவளாத்தான் குடுத்தா." அவர் முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. உண்மையைத்தான் சொன்னார். அதுதான் என்னை அதிகமாக அயரவைத்தது. திட்டித் தீர்க்க ஒரு திருடன் கிடைத்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அவரை அனுப்பிவிட்டு ஜன்னல் வழியாகப் பெஞ்சைப் பார்த்தேன். பைக்குகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ஒரு பைக் வந்து நிற்கும். பெஞ்சில் யாராவது ஒருவர் எழுந்திருப்பார். யாரும் யாரையும் அதட்டவில்லை, ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. முன்னால் வந்தவர் கையிலிருந்த வில்லை பின்னால் வந்தவர் கைக்குப் போனது. கொடுத்தவர் கொக்கிக்குப் போய், மிச்சம் இருந்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டு சுவரோரமாகக் குந்தினார். நர்ஸிடம் கேட்டேன். "ஆரம்பத்துலேந்தே அப்படித்தான் மேடம். உங்களுக்குத் தெரியும்னு நினச்சேன்" என்றார்.

அன்று அவள் உள்ளே வந்தபோது வழக்கம்போல் மதியம். கையில் ஏதோ ஒரு பெரிய நம்பர்.

"ஏம்மா டோக்கனக் குடுத்தே? அவரு கேட்டாரா?"

"கேட்டா குடுக்கறது இல்லீங்க டாக்டரம்மா. பாத்தாலே குடுக்கறதுதான்."

"கால் அழுகுதும்மா உனக்கு."

"அவரு நிக்கயில நான் எப்படிம்மா ஒக்காந்துகிட்டு முன்னால போறது? நாளைக்குக் களையெடுக்க அந்த வயலுக்குத்தான போவணும்."

அவள் பாதத்தில் குத்தியதும் அந்த வயலின் தட்டையாகத்தான் இருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டேன். நானே அவளைக் கூட்டிப்போய் நர்ஸ் கையில் ஒப்படைத்து, கட்டுப்போட்டு முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன். பஸ் போய்விட்டது. சாயங்காலம் வரை முந்திரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் வில்லைகளைக் கழற்றிவிட்டுப் பேர் எழுத ஆரம்பித்தோம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாதல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் பேரைக் கூப்பிட்டால், வாசலில் தலையை மட்டும் நீட்டி, "அவுங்க போவட்டும் டாக்டரம்மா, நான் அப்புறமா வரேன்" என்பாள். அவளுக்குப் பின்னால் என் மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டு தயாராக நிற்பார். அந்தப் பெஞ்சில் நான் எந்தச் சட்டம் போட்டாலும் அது அங்கே ஏற்கெனவே இருக்கும் சட்டத்துக்குக் கீழேதான் இருக்கும் என்று எனக்குப் புரிய கொஞ்ச நாள் ஆனது.

அந்த நாட்களில் ஒருநாள், கட்டைப் பிரித்தபோது சுண்டுவிரல் கறுத்துவிட்டிருந்தது. அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். விரலை எடுத்தார்கள். நல்லவேளையாகப் பாதம் தப்பியது. ஆனால் இனிமேல் கட்டுப்போடுவது ஒருநாள் தவறினாலும் பாதமும் போய்விடும் என்று அங்கிருந்த டாக்டர் எனக்குப் போன் செய்து சொன்னார். அன்று இரவு அவள் கால் என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. முதல் பஸ் ஏழேகால் வாக்கில் வருகிறது. பைக்குகள் ஒன்பது மணிக்குமேல்தான் வரும். நடுவில் இருக்கும் நேரத்தில் பெஞ்சில் இருப்பவர்கள் பஸ்ஸில் வந்த ஜனங்கள் மட்டும். அந்த நேரத்தில் யாருக்கும் யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை. அப்படியானால் அந்த நேரத்தில் நாங்கள் அங்கே இருக்க வேண்டும். ரத்தம் எடுப்பது, கட்டுப்போடுவது, சர்க்கரை மாத்திரை கொடுப்பது எல்லாமே அந்த நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும்.

சொல்வது சுலபம். நர்ஸுக்கு வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். ரத்தம் எடுப்பவர் ஜெயங்கொண்டத்திலிருந்து வர வேண்டும். இருவரையும் கெஞ்சி, முறை வைத்துக்கொண்டு, யார் வராவிட்டாலும் நான் வருவேன் என்று ஒப்புக்கொண்டேன். விடிவதற்குள் சமைத்து வைத்துவிட்டுக் கிளம்புவேன். பனிக்காலத்தில் லாரி விளக்குகளைத் தவிர ரோட்டில் எதுவும் தெரியாது. நானே பெஞ்சுக்குப் போய் ஒவ்வொருவர் காலையும் பார்ப்பேன். செருப்பைக் கழற்றுங்க, பாதத்தைத் திருப்புங்க. இப்படிக் குனிந்து குனிந்து என் இடுப்பு போனதுதான் மிச்சம் என்று வீட்டில் புலம்புவேன். "உன்ன யாரு பண்ணச் சொன்னா?" என்பார் என் கணவர். நியாயமான கேள்விதான்.

அவள் வந்தாள். ஏழேகால் பஸ்ஸில் வந்து, ஊசி குத்தவிட்டு, கட்டுப்போட்டுக்கொண்டு, எட்டரை மணிக்குள் எல்லாம் முடிந்து எங்களிடமே டீ வாங்கிக் குடித்தாள். சர்க்கரை இறங்கியது. புண்ணில் புதுச்சதை தெரிந்த அன்று நர்ஸ் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். வெகுநாளைக்குப் பிறகு அந்த அறையில் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

செட்டிகுளம் மலைக்கோயிலில் சொந்தக்காரக் குழந்தைக்குக் காதுகுத்து. சின்ன மாமனார் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கிண்டல் செய்தார். "நம்ம மருமவ ஆஸ்பத்திரில இப்பல்லாம் கால்ல புண்ணு இருந்தாத்தான் மருவாத." பந்தியில் சிரித்தார்கள். என் மாமியார் சிரிக்கவில்லை, எனக்கு இலையில் பாயசத்தை ஊற்றச் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் காலை ஏழரைக்கே புல்லட் சத்தம் கேட்டது. சின்ன மாமனார் வந்து இறங்கினார். கால் கட்டைவிரலில் பெரிதாக ஒரு துணிக்கட்டு. "எனக்கும் புண்ணும்மா" என்றார். நான் கட்டைப் பிரித்தேன். மஞ்சள் பூசிய, ஒரு கீறலும் இல்லாத விரல். நர்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பத்து மணிக்கு வக்கீலைப் பார்க்க வேண்டுமாம், அதுதான் இந்த நாடகமாம்.

பிரித்தது பிரித்தாயிற்று, அவருக்கும் சர்க்கரை உண்டே என்று, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பஞ்சைத் திரித்து உள்ளங்காலில் தொட்டேன். தொடுவது தெரிந்தால் சொல்லுங்கள் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குதிகாலில் தொட்டேன். விரல்களில் தொட்டேன். "இன்னும் ஆரம்பிக்கலியா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். அந்தப் பெரிய மனிதரின் முகம் குழந்தை முகம் மாதிரி ஆகிவிட்டது. "அவளுக்கு மாதிரியே எனக்கும் ஆயிடுமா?" என்றார். ஆகாது மாமா, வெறுங்காலோடு வயலுக்குப் போகாதீர்கள், வாரம் ஒருமுறை காலையில் வெறும் வயிற்றோடு வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவருக்கும் அதைத்தானே சொல்ல வேண்டும். வேறு எப்படிச் சொல்ல முடியும்?

அதிலிருந்து அவரும் காலை நேரத்து ஆள் ஆகிவிட்டார்.

போன மாதம் அவள் புண் முழுக்க மூடிவிட்டது. கட்டு இல்லாமல், நாங்கள் சொல்லி வாங்கிய மெத்தென்ற செருப்போடு முதல் தடவையாக வந்தாள். சர்க்கரை பார்த்தாயிற்று, மாத்திரை வாங்கியாயிற்று. திரும்பிப் போகும் பஸ்ஸுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நானும் கொஞ்சம் இடுப்பை ஆற்றலாமென்று வாசற்படியில் நின்றிருந்தேன். பெஞ்சில் இன்னும் நாலு பேர் தாராளமாக உட்காரலாம்.

புல்லட் வந்து நின்றது. மாமா இறங்கி வந்தார்.

அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, விரல் போன அந்த வலது காலை ஊன்றிப் பார்த்தாள். அது தாங்கியது. எழுந்து, சுவரோரமாகப் போய் நின்றாள்.

"ஒக்காரேன், எடம் இருக்குல்ல" என்றார் மாமா. அவர் மனதாரத்தான் சொன்னார்.

"இருக்கட்டுங்க" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். பஸ் வரும்வரை அவள் அந்தக் காலில்தான் நின்றாள். நான் உள்ளே போய் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.